பிள்ளைக்கு ஏற்ற வீடு: அத்திவாரம் போடுமுன் யோசியுங்கள்

நீங்கள் சொந்தக் காணிக்குத் திரும்பிவிட்டீர்கள். பற்றை வெட்டி, கிணறு இறைத்து, வீடு கட்ட ஆயத்தமாகிறீர்கள். நடக்கவோ கைகளைப் பயன்படுத்தவோ சிரமப்படும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பாடம் உங்களுக்கானது.

"முதலில் பிள்ளை நடக்கட்டும், பள்ளிக்கூடத்தைப் பிறகு பார்ப்போம்" என்று பெற்றோர் பலர் காத்திருக்கிறார்கள். அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை.

ஆராய்ச்சி சொல்வது என்ன?

கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் சிறுவர் இயலாமை பற்றிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று உள்ளது. அதன் ஆய்வாளர்கள் மூளை வாதம் உள்ள 128 சிறு பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஆறு மாதம் சிகிச்சை அளித்தார்கள். ஒரு பிரிவில் பிள்ளையின் உடலைத் திருத்தும் பயிற்சிகள் நடந்தன. மற்றப் பிரிவில் பிள்ளையை மாற்ற முயலவில்லை. செய்யும் வேலையையும் சுற்றியுள்ள இடத்தையும் பிள்ளைக்கு ஏற்றபடி மாற்றினார்கள். 2011இல் வெளியான முடிவின்படி, இரு பிரிவுப் பிள்ளைகளும் ஒரே அளவு முன்னேறினார்கள்.

இதனால் பயிற்சியை நிறுத்தலாம் என்று எண்ண வேண்டாம். வைத்தியர் சொன்ன பயிற்சியைத் தொடருங்கள். அதோடு வீட்டையும் மாற்றுங்கள். கட்டி முடித்த வீட்டை இடித்துத் திருத்துவது செலவு. இப்போதே திட்டமிட்டால் அந்தச் செலவு மிச்சம்.

மேசனிடம் சொல்ல வேண்டியவை

• சக்கர நாற்காலி போக, கதவின் உள் அகலம் 3 அடியாவது இருக்கட்டும்.
• படிக்குப் பதிலாக அல்லது படியோடு சரிவுப்பாதை அமையுங்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் தேவை.
• மலசலகூடத்தில் இருக்கை வகைக் கோப்பையும், சுவரில் கைபிடியும் பொருத்துங்கள். மழைக்காலத்திலும் அங்கே போகக்கூடிய பாதை வேண்டும்.

செலவில்லாத மாற்றங்கள்

கோப்பையைப் பிடிக்க முடியாவிட்டால் அதன் பிடியில் துணி சுற்றிப் பருமனாக்குங்கள். நிலத்தில் இருக்கச் சிரமமென்றால் முதுகு சாயும் கதிரையில் இருத்தி, எல்லோருடனும் சாப்பிடவிடுங்கள். கீரை ஆய்தல், கோழிக்குத் தீனி போடுதல் என்று பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுங்கள். மெதுவாகச் செய்தாலும், வேறு விதமாகச் செய்தாலும் பரவாயில்லை.

அம்மாவையும் கவனியுங்கள்

அதே பல்கலைக்கழகத்தார் இத்தகைய பிள்ளைகளைப் பராமரிக்கும் 468 பேரிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. பராமரிப்புச் சுமை கூடும்போது பராமரிப்பவரின் உடல்நலமும் மனநலமும் பாதிக்கப்படுவதை அது காட்டியது. அம்மாவோ அம்மம்மாவோ மட்டும் தனியாகத் தூக்கிச் சுமக்க விடாதீர்கள். அப்பா, சகோதரர்கள், அயலவர் ஆகியோரிடையே முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

யாரிடம் கேட்பது?

• குடும்பநல உத்தியோகத்தர்: பிள்ளையின் வளர்ச்சி, வைத்தியசாலைக்கான வழிகாட்டல்.
• பிரதேச செயலகத்தின் சமூகசேவை உத்தியோகத்தர்: உதவிக் கொடுப்பனவு, சக்கர நாற்காலி பற்றிய விபரம்.
• வலயக் கல்வி அலுவலகம்: பாடசாலை அனுமதி. இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனம் ஒன்றில் அனுமதி மறுப்பதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது.

குடும்பமாகப் பேசுங்கள்

1. எங்கள் பிள்ளை தானாகச் செய்ய விரும்பும் ஒரு வேலை எது?
2. அதைத் தடுப்பது எது: படியா, தூரமா, பாத்திரமா?
3. இந்தக் கிழமை அதில் எதை மாற்றலாம்?