தண்ணீருக்கு அஞ்சாத ருத்தேனியம்

பிளஸ் டூவில் வேதியியல் எடுத்த நம் பிள்ளைகள், கரிம வேதியியல் பாடம் வந்ததும் "எல்லாம் மனப்பாடம்தான்" என்று சலித்துக்கொள்வதைக் கேட்கிறோம். பெற்றோரும் அவர்களோடு உட்கார்ந்து படிக்கட்டும் என்றே இதை எழுதுகிறோம்.

இரண்டு கார்பன் அணுக்கள் இரட்டைப் பிணைப்பால் கைகோத்து நிற்கும் மூலக்கூறு ஒலிஃபின். இரு ஒலிஃபின்கள் தத்தம் பாதியை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டால் அது மெட்டாதிசிஸ். நடுவே நின்று ஜோடி மாற்றுவது ஓர் உலோக அணு. நார்போர்னீன் போன்ற இறுக்கமான வளையத்தில் இதே வினை நடந்தால், வளையம் திறந்து, ஒன்றோடொன்று கோத்து நீண்ட பலபடியாகிறது.

இதைப் பால்மமாகச் செய்யலாமா என்பதே கேள்வி. வீட்டுப் பாலில் கொழுப்புத் துளிகள் மிதப்பதுபோல, சோப்பு கலந்த நீரில் எண்ணெய்த் தன்மையுள்ள மூலப்பொருள் மிதக்கும். வினையில் எழும் வெப்பத்தைத் தண்ணீர் வாங்கிக்கொள்ளும். தீப்பிடிக்கும் கரைப்பானும் அதிகம் தேவைப்படாது. தொழிற்சாலையில் நிற்பவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல. ஆனால் டைட்டேனியம், டங்ஸ்டன் வினையூக்கிகள் ஈரம் பட்டாலே செயலிழந்துவிடும்.

ருத்தேனியம் அப்படியல்ல. ரைன்ஹார்ட், ஸ்மித் இருவரும் 1965-லேயே ருத்தேனியம், இரிடியம் உப்புகளைக் கொண்டு நார்போர்னீன் வகைகளைப் பால்மத்தில் பலபடியாக்கிக் காட்டினார்கள். அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. 1988-இல் அமெரிக்காவின் கால்டெக்கில் ராபர்ட் கிரப்ஸும் நோவாக்கும் ஆக்சிஜன் கொண்ட நார்போர்னீன் வகையொன்றை எடுத்தார்கள். ஈரமே படாமல் பார்த்துப் பார்த்துச் செய்தபோது வினை தொடங்கவே ஏறக்குறைய ஒரு நாள் பிடித்தது. தண்ணீரிலேயே செய்தபோது அரைமணி நேரத்தில் தொடங்கிவிட்டது! எதிரி என்று ஒதுக்கிவைத்த தண்ணீரே இங்கே துணையாயிற்று. பிள்ளைகளே, இந்த இடத்தை இருமுறை படியுங்கள்.

ஆனால் சாதாரண உப்பில் எந்த அணு வேலை செய்கிறது என்பது தெளிவாக இல்லை. 1992-இல் கிரப்ஸ் குழு, கார்பனோடு இரட்டைப் பிணைப்பு கொண்ட ருத்தேனியம் சேர்மத்தையே கையில் எடுக்கும்படி உருவாக்கியது. 2005-இல் ஷோவேன், ஷ்ராக் ஆகியோருடன் கிரப்ஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அத்தோடு முடிந்ததா? இல்லை. கிரப்ஸ் வினையூக்கி எண்ணெய் வகையில் கரையும், தண்ணீரில் கரையாது. எனவே அதைச் சிறிதளவு டொலுயீனில் கரைத்து நுண்துளிகளாக்குவார்கள். அல்லது மின்சுமையுள்ள தொகுதிகளை ஒட்டி நீரில் கரைய வைப்பார்கள். இரண்டிலும் வினை முடிவதற்குள் வினையூக்கியில் ஒரு பங்கு சிதைந்துபோகிறது. ருத்தேனியம் அரிய உலோகம், விலையும் அதிகம். பலபடியில் தங்கிவிடும் அதன் எச்சத்தை அகற்றுவது தனி வேலை.