பழைய கேம், புது கார்டு

கேள்வி: பழைய கேம்களை ஆடும் மியூ மினி பிளஸ் கைக் கருவி வாங்கியிருக்கிறேன். முதலில் என்ன செய்ய வேண்டும்?
– ஒரு வாசகர், முகப்பேர்

பதில்: முதல் வேலை, கூடவே வந்த மெமரி கார்டை மாற்றுவது. பெரும்பாலும் அது பெயர் தெரியாத மட்டரகக் கார்டு. என்றைக்கு வேண்டுமானாலும் காலை வாரும். உள்ளதையெல்லாம் கணினியில் நகலெடுத்துவிட்டு, நல்ல நிறுவனத்தின் மைக்ரோ எஸ்.டி. கார்டு வாங்குவது உத்தமம். முகப்பேரிலேயே கிடைக்கும். மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போனால், போலிகளும் புழங்கும் இடம் என்பதால், பில் கேட்டு வாங்க வேண்டும்.

அடுத்து, கருவியை இயக்கும் ஆனியன் என்ற இலவச மென்பொருள். கார்டை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்து, கோப்புகளை நகலெடுத்து, கருவியை இயக்கினால் தானே நிறுவிக்கொள்ளும். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு என்றால் விண்டோஸின் வழக்கமான ஃபார்மட் வசதி பெரும்பாலும் கைவிரிக்கும். ரூஃபஸ் போன்ற இலவசக் கருவி கைகொடுக்கும்.

பலர் கோட்டைவிடுவது திரை அமைப்பில்தான். 1989இல் வந்த கேம்பாயின் திரை 160க்கு 144 புள்ளிகள். இந்தக் கருவியிலோ 640க்கு 480. திரை முழுக்க இழுத்தால் மரியோ குண்டடித்துப்போவார்! ‘இன்டிஜர் ஸ்கேலிங்’கை இயக்கினால் படம் சரியாக மூன்று மடங்காகி, 480க்கு 432இல் கூர்மையாக நிற்கும். சுற்றிலும் கறுப்பு ஓரம் தெரியும், தெரியட்டுமே.

கேம்களைப் பொறுத்தவரை, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரல்களுக்கும் பொருந்தும். அதனால், ஆயிரக்கணக்கில் கேம் நிரப்பி விற்கும் கார்டுகளைத் தவிர்த்துவிட்டு, 2017இல் கேம்பாய்க்காகவே இலவசமாக வெளியான ‘டோபு டோபு கேர்ள்’ போன்றவற்றிலிருந்து தொடங்குங்கள்.