மயான காண்டத்து அரிச்சந்திரனுக்குக் கந்தல் உடை: செய்முறை

திருப்பதியில் மே மாதம் கங்கம்மா ஜாத்திரை வந்தால் நாளுக்கொரு வேஷம். சித்தூர்ப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரதமும் விடிய விடியக் கூத்தும். இங்கே வேஷம் கட்டுபவர்களுக்கு ராஜ உடுப்பு பெரிய சிரமமில்லை, வாடகைக்கே கிடைக்கும். சிரமம் தருவது கந்தல்தான். புதுத் துணியைக் கத்தரித்து மாட்டினால் கத்தரி பட்டதுதான் கண்ணில் தெரியும்.

சுடுகாடு காக்கும் அரிச்சந்திரனுக்கு உடை செய்வோம். சாயத்துக்கு ஸ்ரீகாளஹஸ்தி கலம்காரிக்காரர்களின் கடுக்காயும் இரும்பும் போதும்.

தேவையானவை: கோரா காடாத் துணி 3 மீட்டர், பழைய மல் வேட்டி, ஜரிகைக் கரைத் துண்டு, கடுக்காய்த் தூள் 100 கிராம், துருப்பிடித்த ஆணி அரை கிலோ, வெல்லம் கால் கிலோ, சலவை சோடா, உப்புத்தாள், கம்பி பிரஷ், கையுறை, முகக்கவசம். பாலியெஸ்டர் வேண்டாம், இந்தச் சாயம் அதில் பிடிக்காது.

1. இரும்புக் கரைசல்: ஆணியையும் வெல்லத்தையும் 2 லிட்டர் தண்ணீரில் போட்டு 15 முதல் 20 நாள் புளிக்க விடுங்கள். நுரைத்து வாயு கிளம்பும் என்பதால் மூடியை இறுக்காமல் துணியால் வாய் கட்டுங்கள். பிறகு வடிகட்டுங்கள்.

2. கஞ்சி நீக்கம்: காடாத் துணியைச் சலவை சோடா போட்டு அரை மணி நேரம் கொதிக்கவைத்து அலசுங்கள். கஞ்சி இருந்தால் சாயம் திட்டுத் திட்டாகும்.

3. கிழிசல்: சாயத்துக்கு முன்பே கிழியுங்கள்; பிய்ந்த நூல் கூடுதலாகச் சாயம் குடிக்கும். விறகு சுமக்கும் தோள், குந்தி உட்காரும் முட்டி, தரையில் இழுபடும் ஓரம் ஆகிய இடங்களை மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். ஓரத்தில் சிறு வெட்டுக் கொடுத்துக் கையால் கிழித்து, ஊடை நூலை உருவுங்கள்.

4. கடுக்காய்: தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, காடாவையும் மல் துணியையும் ஊறவைத்து, முறுக்கிப் பிழிந்து, முறுக்கு அவிழ்க்காமல் காயவையுங்கள். சுருக்கம் நிற்கும். கலம்காரியில் மை பரவாதிருக்கப் பால் சேர்ப்பார்கள். நமக்குப் பரவத்தான் வேண்டும், பாலை விட்டுவிடுங்கள்.

5. கறை: இரும்புக் கரைசலை ஸ்பாஞ்சால் ஒற்றுங்கள். கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து சாம்பலும் கறுப்புமாக மாறும். ஓரங்களில் அழுத்தமாக, மேலே போகப்போக மெலிதாக. காய்ந்தபின் நன்றாக அலசுங்கள். மிஞ்சிய இரும்பு துணியை இற்றுப்போகச் செய்யும்.

6. அடுக்கு: அடியில் ஜரிகைத் துண்டு, நடுவில் காடா, மேலே மல். ஓட்டுத் தையல் போட்டு, கிழிசல் வழியே ஜரிகை இரண்டொரு இடத்தில் மட்டும் தெரியட்டும். இழந்த ராஜ்ஜியத்தைச் சொல்ல அதுவே போதும். கிழிசலுக்குப் பின்னால் வலைத்துணி வைத்துத் தைத்தால் இரவு முழுக்க ஆடினாலும் மேலும் கிழியாது.

7. சோதனை: மேடை விளக்கில் முப்பதடி தள்ளி நின்று பாருங்கள். ஒரே கறுப்பாகத் தெரிந்தால், சுருக்க மேடுகளில் மட்டும் வெளிர் சாம்பல் துணிப் பெயின்ட்டை உலர்ந்த பிரஷால் தடவுங்கள்.

தொங்கும் பருத்தி நூலில் தீ சட்டென்று பற்றும். மயானக் காட்சியில் பந்தமோ சூடமோ உண்டென்றால் கைப்பக்கம் தொங்கும் நூல்களை வெட்டிவிடுங்கள். மேடையோரம் தண்ணீர் வாளியும் நனைத்த சாக்கும் இல்லாமல் அந்தக் காட்சியைத் தொடங்காதீர்கள்.