உயிரியல் முதல் வகுப்பு: மாணாக்கரிடம் எதிர்பார்க்கப்படுவன

கல்லூரியில் உயிரியல் பயிலத் தொடங்கும் மாணாக்கனுக்கு முதல் வாரத்தில் ஒரு விதித்தாள் தரப்படுவது வழக்கம். வகுப்புக்கு வரவேண்டிய நாட்கள், தேர்வுகளுக்குரிய மதிப்பெண்கள், செய்முறைக் குறிப்பேட்டை ஒப்படைக்க வேண்டிய தேதி, சோதனைச்சாலையில் அணிய வேண்டிய மேலங்கி முதலியன அதில் கண்டிருக்கும். மாணாக்கர் அதனை மடித்துப் பையில் வைத்துவிடுவர். ஆசிரியருள்ளும் சிலர் அதனை அலுவலக நடைமுறை என்றே கருதுகின்றனர். ஆயினும் ஒவ்வொரு விதியும் எதன் பொருட்டு ஏற்பட்டது என்று ஆராய்ந்தால், அவற்றுள் முக்கியமானவை யாவும் ஒரே கேள்வியைச் சுற்றி நிற்பது புலப்படும். மாணாக்கன் எழுதியிருப்பது அவன் கண்டதா, அன்றிப் பிறர் கண்டதா என்பதே அக்கேள்வி. இதனைப் பெங்களூர் நகரத்தின் கல்விநிலையைக் கொண்டு விளக்கலாம்.

கர்நாடகத்தில் பத்தாம் வகுப்புக்குப் பின் பி.யூ.சி. விஞ்ஞானப் பிரிவில் சேருவோர் பெரும்பாலும் பௌதிகம், ரசாயனம், கணிதம் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு, நான்காவது பாடமாக உயிரியலையோ கணினி விஞ்ஞானத்தையோ மின்னணுவியலையோ தேர்ந்துகொள்கின்றனர். பொறியியலை நாடுவோர் உயிரியலை அங்கேயே விட்டுவிடுவர். எனவே ஒருவனது உயிரியல் அறிவு பதினாறாம் வயதிலேயே நின்றுவிடுவது இயல்பாயிற்று. 1909 ஆம் ஆண்டில் பெங்களூரில் நிறுவப்பட்ட இந்திய விஞ்ஞானக் கழகம் 2011 ஆம் ஆண்டில் நான்காண்டு இளங்கலைப் படிப்பைத் தொடங்கியபோது இவ்வழக்கத்துக்கு மாறான ஒரு முடிவைச் செய்தது. மாணாக்கன் பின்னர் கணிதத்தையே சிறப்புப் பாடமாகக் கொள்வதாயினும், முதல் மூன்று அரையாண்டுகளில் பௌதிகம், ரசாயனம், கணிதம் ஆகியவற்றோடு உயிரியலையும் கட்டாயமாகப் பயில வேண்டும் என்பதே அம்முடிவு. விரிவுரையோடு செய்முறையும் அப்பாடத்தில் சேர்ந்தது. பள்ளியில் உயிரியலைத் துறந்து வந்தவனும் மைக்ராஸ்கோப்பின் முன் அமர வேண்டியதாயிற்று.

இத்தகைய மாணாக்கனிடம் எதனை எதிர்பார்ப்பது? பெயர்களை மனப்பாடம் செய்வதை அன்று. அவனுக்குக் கைவந்த கணக்கிலிருந்தே தொடங்கலாம். நல்ல ஊட்டக் கரைசலில் ஒருவகைக் குடல் பாக்டீரியம் ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பிரியும். ஆறு மணி நேரத்தில் 18 முறை பிரிந்தால் ஒன்று 2,62,144 ஆகும். ஒரு நாளில் 72 முறை பிரியுமாயின், ஓர் அணுவின் எடையை ஒரு கிராமின் இலட்சங்கோடியில் ஒரு பங்காகக் கொண்டு பெருக்க, மொத்த எடை 4,700 டன்னைத் தாண்டும். கணித மாணாக்கன் இதனை நொடியில் முடித்துவிடுவான். ஆனால் மறுநாள் காலை அவன் கையிலுள்ள சோதனைக் குழாயில் இருப்பது சற்றே கலங்கிய திரவந்தான். பெருக்கம் எந்நேரத்தில் தளர்ந்தது? உணவு தீர்ந்ததாலா, கழிவு மிகுந்ததாலா, பிராணவாயு குறைந்ததாலா? உயிரியல் வகுப்பு இவ்விடத்தில்தான் தொடங்குகிறது. இவ்வினாக்களுக்கு விடை குழாயைப் பார்த்து அளந்தாலன்றிக் கிட்டாது.

வருகை விதியையும் இந்நோக்கிலேயே காண வேண்டும். நூற்றுக்கு 75 விழுக்காடு வருகை என்பது பல்கலைக் கழகங்களில் பொதுவாக வழங்கும் அளவு. வாரம் ஒன்றாக 16 செய்முறை அமர்வுகள் உள்ள அரையாண்டில் நான்கினைத் தவறவிட்டவனும் விதிப்படி தப்பிவிடுவான். அந்நான்கில் மைக்ராஸ்கோப்பைக் கையாளப் பழகும் முதல் அமர்வும் அடங்குமாயின், எஞ்சிய பன்னிரண்டிலும் அவன் அருகிலுள்ளவனது ஏட்டைப் பார்த்தே காலம் கழிப்பான். விரிவுரையைத் தவறவிட்டவன் புத்தகத்தைப் படித்து ஈடு செய்யலாம். செய்முறைக்கு அத்தகைய ஈடு கிடையாது. ஆதலால் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்க்காது, செய்முறைக்குத் தனி வருகைப் பதிவு வைத்து, தவறிய அமர்வை அந்த வாரத்திலேயே வேறொரு குழுவுடன் செய்து முடிக்க இடமளிப்பது நன்று. நோயுற்றவனுக்கு மருத்துவச் சான்றிதழ் மட்டும் போதுமென்று விட்டுவிடுவது கருணையாகத் தோன்றினும், கற்கவேண்டியது கல்லாமலே நிற்கும்.

அடுத்தது செய்முறைக் குறிப்பேடு. மாணாக்கர் வழக்கில் இது 'ரிக்கார்டு நோட்டு' எனப்படும். சென்ற ஆண்டு மாணாக்கரின் நோட்டைப் பார்த்து இவ்வாண்டு மாணாக்கர் வரைவதும், அதில் ஆசிரியர் கையொப்பமிடுவதும் தென்னாட்டுக் கல்லூரிகள் பலவற்றிலும் அறியாத செய்தியன்று. அழகிய படத்துக்கு நிறைந்த மதிப்பெண்ணும், கோணலான படத்துக்குக் குறைந்த மதிப்பெண்ணும் தரப்படும்வரை இது நீங்காது.

வெங்காயத் தோலின் அணுக்களை எடுத்துக்கொள்வோம். வெங்காயச் செதிளின் உட்புறத்து மெல்லிய தோலை உரித்து, ஸ்லைடின்மேல் ஒரு துளி அயோடின் கரைசலில் பரப்பி, மூடு கண்ணாடி இட்டு நோக்குவது முதலாண்டின் முதற் பயிற்சி. பாடநூற் படத்தில் செங்கல் அடுக்கியது போன்ற அணுக்களும், ஒவ்வொன்றிலும் நட்ட நடுவில் ஓர் உட்கருவும் காணப்படலாம். உண்மையில் முதிர்ந்த அணுவின் பெரும்பகுதியைச் சாறு நிரம்பிய குமிழி ஒன்று அடைத்துக்கொண்டிருப்பதால் உட்கரு சுவரோரமாக ஒதுக்கப்பட்டிருக்கும். ஆகவே, எல்லா அணுக்களிலும் நடுவே உட்கருவை வரைந்துள்ள நோட்டு நகல் என்று ஆசிரியர் ஐயுறலாம். அவ்வையத்திலும் அவசரம் கூடாது. உட்கரு மேற்சுவரையோ கீழ்ச்சுவரையோ ஒட்டியிருப்பின், மேலிருந்து நோக்குவோனுக்கு அது நடுவில் இருப்பதாகவே தோன்றும். நேர்மையாக வரைந்த படத்தில் சில அணுக்களில் உட்கரு ஓரத்திலும், சிலவற்றில் நடுவிலும் இருக்கும். சிலவற்றில் காணவே காணாது. இந்த ஒழுங்கின்மைக்கு மதிப்பெண் குறைப்பாராயின், கண்டதைக் கண்டபடி வரைந்தவனுக்குத் தண்டனையும் நகலெடுத்தவனுக்குப் பரிசும் கொடுத்தவராவார். முதலாண்டில் ஒரு முறை இவ்வாறு நேர்ந்தால், அம்மாணாக்கன் பிறகு தன் கண்ணை நம்பமாட்டான்.

படத்தின் கீழ் எழுதப்படும் பெருக்க அளவிலும் இதே சிக்கல் உண்டு. கண்ணருகு வில்லை 10 மடங்கு, பொருளருகு வில்லை 10 மடங்கு எனில் '100 மடங்கு' என்று எழுதிவிடுவது வழக்கம். அது கருவியின் பெருக்கம். படத்தின் பெருக்கம் வேறு. கண்ணருகு வில்லையின்மேல் 18 என்ற காட்சிப்புல எண் பொறித்திருந்தால், 10 மடங்குப் பொருளருகு வில்லையில் காணும் வட்டத்தின் விட்டம் 1.8 மில்லிமீட்டர். அவ்வட்டத்தின் குறுக்கே ஆறு அணுக்கள் நீளவாக்கில் அடங்கினால் ஓர் அணுவின் நீளம் 0.3 மில்லிமீட்டர். தாளில் அதனை 6 சென்டிமீட்டர் நீளத்துக்கு வரைந்திருந்தால் படத்தின் பெருக்கம் 200 மடங்கு. வட்டத்தின் குறுக்கே எத்தனை அணுக்கள் அடங்கின என்பதைச் சென்ற ஆண்டு நோட்டிலிருந்து எடுக்க இயலாது, ஏனெனில் வெங்காயம் வேறு. குறிப்பேட்டை வீட்டுக்குக் கொண்டுபோய் 'நன்றாக' எழுதிவர விடாமல், அமர்வு முடியுமுன் பென்சிலில் வரைந்து, அளவு குறித்து, அங்கேயே கையொப்பம் பெறவேண்டும் என்னும் விதி இதன் பொருட்டே. பிழையை அழிக்காமல் ஒரு கோடிட்டு அருகில் திருத்தி எழுதுவதும் அவ்வாறே.

விலங்குகளை அறுத்துக் காண்பது பற்றிய விதி இந்நாட்டில் அடியோடு மாறிவிட்டது. தவளையையும் கரப்பானையும் மெழுகுத் தட்டில் ஊசியிட்டு அறுத்த தலைமுறையினர் பலர் இன்றும் ஆசிரியராக உள்ளனர். பல்கலைக் கழக மானியக் குழு 2011 ஆம் ஆண்டில் இப்பயிற்சியைப் படிப்படியாகக் குறைக்க வழிகாட்டியது. 2014 ஆம் ஆண்டில் இளங்கலை, முதுகலை இரண்டிலும் அறவே நிறுத்தச் செய்தது. ஆண்டுதோறும் எண்ணற்ற உயிர்கள் வயல்களிலிருந்தும் குளங்களிலிருந்தும் திரட்டப்பட்டதை எண்ணினால் இம்முடிவு தக்கதே. ஆனால் அவ்விடத்தில் பிளாஸ்டிக் உருவமும் கணினித் திரையும் வந்தன. ஒன்றுக்கொன்று சிறிதும் வேறுபடாத நாற்பது உருவங்களைப் பார்க்கும் நாற்பது மாணாக்கர் நாற்பது ஒரே விடைகளை எழுதுவர். நகல் நோட்டின் குறையே இங்கு வேறு வடிவில் திரும்புகிறது. இதற்கு உயிருள்ள பிராணியையே ஊறின்றி நோக்குவது மாற்றாகும். ஈரத்தாளின்மேல் விடப்பட்ட மண்புழுவின் முதுகில், தோலினூடே இரத்தக்குழல் விம்மித் தணிவதைக் கண்ணாலேயே எண்ணலாம். ஒரு நிமிடத்துக்குரிய எண் புழுவுக்குப் புழு வேறுபடும். எண்ணி முடித்தபின் புழுவை மண்ணில் விட்டுவிடலாம்.

இத்தகைய எளிய நோக்கல் எதுவரை செல்லக்கூடும் என்பதற்குப் பெங்களூரிலேயே சான்றுண்டு. 1858 ஆம் ஆண்டில் தோன்றிய சென்ட்ரல் கல்லூரியில் விலங்கியல் பயின்ற இராகவேந்திர கடக்கர், அக்கல்லூரிச் சன்னல்களில் கூடு கட்டியிருந்த ரொபாலிடியா மார்ஜினேட்டா என்னும் காகிதக் குளவியைக் கண்டு கருத்துக்கொண்டார். பின்னர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூற்று உயிரியலில் முனைவர் பட்டம் பெற்றபோதிலும் அக்குளவியே அவரது ஆயுட்கால ஆராய்ச்சிப் பொருளாயிற்று. இக்குளவிகளில் அரசிக்கும் பணியாளருக்கும் தோற்றத்தில் வேறுபாடில்லை. ஒவ்வொன்றின்மேலும் வண்ணப்புள்ளி இட்டு, எது எதனைச் செய்கிறது என்று பல்லாயிரம் முறை குறித்ததன் பயனாகவே அரசி சாந்தமானது என்பதும், அரசியை நீக்கினால் பணியாளருள் ஒன்று திடீரெனச் சீற்றங்கொண்டு அடுத்த அரசியாகும் என்பதும் தெரியவந்தன. குறைந்த செலவில் செய்யக்கூடிய விலங்கு நடத்தைச் சோதனைகளைப் பற்றி அவர் எழுதிய நூலை 2021 ஆம் ஆண்டில் பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞான அகாதமி வெளியிட்டது. சோதனைச்சாலை வசதி குன்றிய கல்லூரிக்கு அது பெரிதும் உதவும்.

முதலாண்டு மாணாக்கர் புள்ளியிடும் பணியில் இறங்க வேண்டியதில்லை. கட்டிடத்தின் ஓரத்தில் ஒரு கூடு இருந்தால், வாரம் ஒரு முறை குறித்த அதே நேரத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவையாக அரைமணி நேரம், கூட்டின்மேல் உள்ள குளவிகள் எத்தனை, அசைவற்றிருப்பவை எத்தனை, இரையுடன் வந்து சேர்ந்தவை எத்தனை என்று எண்ணி எழுதினால் போதும். வெயில், மழை, காற்று ஆகியவற்றையும் உடன் குறிக்க வேண்டும். இருவர் தனித்தனியே எண்ணி, எண்கள் மாறுபட்டால் இரண்டையும் அப்படியே பதிவு செய்யவேண்டும். கலந்து பேசி ஒன்றாக்குதல் கூடாது. கூட்டிலிருந்து நான்கு முழத் தொலைவேனும் விலகி நிற்பதும், கூட்டைக் கோலால் தீண்டாமையும் கட்டாயம். குளவியோ தேனீயோ கொட்டினால் மூச்சுத் திணறலோ உடல் வீக்கமோ காணும் இயல்புடைய மாணாக்கர் அதனை முதல் வாரத்திலேயே ஆசிரியரிடம் தனியே தெரிவிக்க வேண்டும் என்றும், அன்னாருக்கு மண்புழுப் பயிற்சியே சம மதிப்பெண்ணுடன் தரப்படும் என்றும் அவ்விதித்தாளில் ஒரு வரி சேர்த்துக்கொள்வது அவசியம்.