சடங்கா, ஆய்வா?

கேள்வி: மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் துறையில் எம்.டி. மாணவர்கள் எழுதும் ஆய்வேடுகளால் யாருக்காவது பயன் உண்டா?
– வாசகி, திருச்சி

பதில்: பெரும்பாலானவை அலமாரியில்தான் தூங்குகின்றன, மறைப்பானேன்? ஆனால் ஒன்று நாட்டையே உலுக்கியது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், எய்ட்ஸ் பற்றி ஆராயும்படி தன் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் சொன்னார். அந்த நோய் இந்தியாவுக்கு வராது என்று பலரும் நம்பிக்கொண்டிருந்த காலம். நிர்மலா தயங்கினார், கணவர்தான் தைரியம் சொன்னார். பாலியல் தொழிலாளர்களிடமிருந்து எண்பதுக்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகள் சேர்ந்தன. சீரத்தைப் பிரித்தாயிற்று, எங்கே வைப்பது? வீட்டு ஃபிரிட்ஜில்தான்!

1986 பிப்ரவரியில் கணவரும் அவரும் மாதிரிகளோடு ராத்திரி ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, வேலூர் சி.எம்.சி.க்குப் போனார்கள். செய்தது எலைசா சோதனை. வைரஸ் புரதம் பூசிய குழிகளில் சீரத்தை விடுவார்கள். கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருள் அதில் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். பிறகு சேர்க்கும் நொதி அதை நிறத்தால் காட்டிக்கொடுக்கும். கிருமியைத் தேடவில்லை, அது உடலில் விட்ட தடத்தைத் தேடினார்கள். நுண்ணுயிரியலும் நோயெதிர்ப்பியலும் ஏன் ஒரே துறையில் குடித்தனம் நடத்துகின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

நடுவே மின்வெட்டு வேறு. கடைசியில் ஆறு குழிகள் மஞ்சளாயின. அமெரிக்காவில் செய்த மறுசோதனையும் அதையே உறுதிசெய்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்தது அப்படித்தான்.

நிர்மலா 1987-ல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தார்.