தடம் விலகிய விலை

ஒரு பொருளின் விலை நியாயத்தைக் கடந்து உயரும்போது ஆங்கிலேயர் அதனை 'எக்ஸார்பிட்டன்ட்' என்பர். இச்சொல்லின் வேர் இலத்தீனத்தில் உள்ளது. அம்மொழியில் 'ஆர்பிட்டா' என்பது வண்டிச் சக்கரம் மண்ணில் பதித்த தடம். 'எக்ஸ்' என்பது 'வெளியே' என்னும் பொருள் தரும் முன்னொட்டு. தடத்தை விட்டு விலகியது என்பதே சொல்லின் முதற்பொருள். கோள்களின் சுற்றுப்பாதையைக் குறிக்கும் 'ஆர்பிட்' என்பதும் இவ்வேரில் பிறந்ததே. தமிழர் இதனை 'வரம்பு மீறிய விலை' என்பர். வரம்பாவது வயலின் வரப்பு. அங்கே வண்டி தடம் விலகுகிறது. இங்கே வரப்பு கடக்கப்படுகிறது.

'எக்ஸ்டார்ஷன்' என்னும் சொல்லின் இயல்பு வேறு. முறுக்கிப் பிடுங்குதல் என்பது அதன் வேர்ப்பொருள். இதில் தொகையின் அளவு பெரிதன்று; அச்சமே பெரிது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், தீங்கு நேரும் என அஞ்சவைத்துப் பொருள் பெறுதலை இக்குற்றத்தின் அடிப்படையாகக் கொண்டது. மிரட்டி வாங்கிய பத்து ரூபாயும் இதில் அடங்கும். அச்சுறுத்தாமல் சொல்லப்பட்ட பத்து இலட்ச ரூபாய் விலை, எவ்வளவு மிகையாயினும், அடங்காது. கோலேந்திய அரசன் குடிகளிடம் பொருள் கேட்பதை, வேலேந்திய கள்வன் வழிப்போக்கரிடம் கேட்பதற்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். கேட்கும் குரல் இரப்பது போன்றதே. அஞ்சவைப்பது கையில் உள்ளது. 'எக்ஸ்டார்ஷன்' என்பதற்கு இதனினும் நல்ல விளக்கம் கிடைப்பது அரிது.

அளவைக் கடந்தது என்னும் பொருளுடைய 'எக்ஸசிவ்' சற்றே சாதுவான சொல்லாகத் தோன்றும். ஆயினும் மனித விடுதலையைக் காக்கும் பணி அதற்கே வாய்த்தது. பிணையில் விடுதலை பெறும் உரிமை இருந்தும், செலுத்த இயலாத பிணைத்தொகை கேட்கப்பட்டால் கைதி சிறையிலேயே கிடக்க நேரும். இங்கிலாந்தின் 1689ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் மிகையான பிணைத்தொகை கேட்கலாகாது என்றது. 1791இல் அமெரிக்க அரசியலமைப்பின் எட்டாம் திருத்தமும் அச்சொல்லையே கையாண்டது.

'எக்ஸார்பிட்டன்ட்' என்னும் சொல் தமிழ்நாட்டுச் சட்டத்திலும் உண்டு. மிகைவட்டியைத் தடைசெய்யும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆங்கிலத் தலைப்பிலேயே அது இடம்பெறுகிறது. ஆனால், எவ்வகை வட்டி தடம் விலகியது என வரையறுக்கும்போது அவ்வாங்கிலச் சொல் மட்டும் போதவில்லை. கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எனக் கடன்பட்டோர் வாயில் வழங்கிய சொற்களையே ஆங்கிலச் சட்டவாசகமும் எடுத்துக்கொண்டது.