கடப்பாக்கத்திலிருந்து எழுதிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

விடுப்பில் கடப்பாக்கத்துக்கு வந்திருந்தபோது நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. பொது மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பு, முதலாம் ஆண்டு. அட்மிஷன் நாளில் விடிய விடிய வார்டில் நிற்கிறேன், அறைக்கு வந்து ஹாரிசன் பாடநூலைத் திறந்தால் இரண்டு பக்கத்தில் கண் சொருகுகிறது, வேலைதான் நடக்கிறது, படிப்பு நடக்கவில்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். எந்தப் புத்தகத்திலிருந்து தொடங்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

அடுத்த அட்மிஷன் நாளில் வரும் முதல் நோயாளியிடமிருந்து தொடங்குங்கள். வேலையையும் படிப்பையும் இரண்டாகப் பிரித்து வைத்திருப்பதால்தான் இந்த வருத்தம். ஒரு நோயாளியைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒழுங்காகப் பார்ப்பதுதான் பொது மருத்துவத்தில் படிப்பு. புத்தகம் அதற்குத் துணை. இதைப் பொதுவாகச் சொன்னால் வெறும் அறிவுரையாக நின்றுவிடும். உங்கள் ஊர்ப்பக்கத்து நோயையே எடுத்துக்கொண்டு சொல்கிறேன்.

செய்யூர் பக்கத்திலிருந்து ஒரு கூலித் தொழிலாளியை விடியற்காலையில் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவர். நடுச்சாமத்தில் வயிற்றுவலி என்று எழுந்தார், வாந்தி எடுத்தார். இப்போது இமையைத் தூக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வயிற்றுவலியைப் பிடித்துக்கொண்டால் அறுவைப் பிரிவுக்கு அனுப்பத் தோன்றும். இமையைப் பிடித்துக்கொண்டால் சி.டி. எடுக்கத் தோன்றும். “ராத்திரி எங்கே படுத்திருந்தார்?” என்று கேட்டு, “தரையில்தான்” என்ற பதிலையும் வாங்கியவருக்குத்தான் கட்டுவிரியன் ஞாபகம் வரும். அது கடித்தால் பல நேரம் தடம் தெரியாது, வீக்கம் இருக்காது. தூக்கத்தில் கடிபட்டவருக்குக் கடித்ததே தெரியாமல் போகலாம்.

அன்று ஓய்வு கிடைத்ததும் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைப் பற்றி இரண்டு பக்கம் படியுங்கள். கட்டுவிரியனின் நஞ்சு நரம்பு முனையையே சிதைக்கிறது. சிதைந்த பிறகு விஷமுறிவு மருந்தால் அதை மீட்க முடியாது. ஆகவேதான் அந்த மருந்தை முந்திக்கொண்டு கொடுக்க வேண்டும். நல்லபாம்பின் நஞ்சோ பெரும்பாலும் தசைப் பக்கத்து ஏற்பியை அடைக்கிறது. அதனால்தான் நியோஸ்டிக்மின் மருந்துக்கு அங்கே கிடைக்கும் பலன் இங்கே பெரும்பாலும் கிடைப்பதில்லை. முதலாம் ஆண்டு எம்.பி.பி.எஸ்.ஸில் மனப்பாடம் செய்து மறந்த உடலியங்கியல், ஒரு மனிதரின் இமையைப் பார்த்தபிறகு படித்தால் ஆயுளுக்கும் மறக்காது.

அவரை வெண்டிலேட்டரில் போட்ட பிறகுதான் முக்கியமான பாடம் வருகிறது. கண்மணி விரிந்திருக்கும், வெளிச்சத்துக்கு அசையாது, கூப்பிட்டால் பதில் வராது. மூளை செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தசைகள்தான் செயலிழந்திருக்கின்றன. உள்ளே அவருக்கு முழு நினைவு இருக்கலாம். மூச்சை மட்டும் நாம் பார்த்துக்கொண்டால் சில நாட்களில் எழுந்து உட்காரக்கூடியவர் அவர். தினமும் அவர் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். படுக்கையருகே நின்று கைவிடும் பேச்சைப் பேசாதீர்கள், பேசவும் விடாதீர்கள்.

இன்னொரு நாள் கண்ணாடிவிரியன் கடித்தவர் வருவார். 20 நிமிட இரத்த உறைவுச் சோதனையை ஹவுஸ் சர்ஜனிடம் தள்ளிவிடாமல் நீங்களே செய்யுங்கள். புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மி.லி. இரத்தம் எடுத்து, அசைக்காமல் வைத்து, 20 நிமிடம் கழித்து ஒருமுறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயோ சோப்புப் போட்டுக் கழுவிய குழாயோ தப்பான முடிவு தரும். அந்த 20 நிமிடமும் உங்கள் பாட நேரம். ஈறைப் பாருங்கள், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள், கடிபட்ட காலின் வீக்கம் எதுவரை ஏறியிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டு நேரம் எழுதுங்கள்.

இரத்தம் உறையவில்லை என்றால் 10 குப்பி விஷமுறிவு மருந்து. குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் ஆள் சிறியவர் என்று பாம்பு நஞ்சைக் குறைத்துக்கொள்வதில்லை. முன்சோதனை ஊசி தேவையில்லை. ஒவ்வாமை வந்தால் கொடுக்க அட்ரினலினை சிரிஞ்சில் ஏற்றிக் கையருகே வைத்துக்கொண்டு தொடங்குங்கள். மறுசோதனை 6 மணி நேரம் கழித்து. கல்லீரல் உறைவுக் காரணிகளை மறுபடி உண்டாக்க ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுக்கும். காரணம் தெரிந்தவர், ஒரு மணி நேரத்தில் இரத்தம் உறையவில்லையே என்று பதறி மேலும் மேலும் மருந்தை ஏற்ற மாட்டார். சிறுநீரகம் எப்படிப் போகிறது என்பதை இன்டேக் அவுட்புட் சார்ட் சொல்லும். அதை எழுதுகிற சிஸ்டரிடம் தினமும் கேளுங்கள்.

அந்தக் குப்பி எங்கிருந்து தொடங்குகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில், முதலைப் பண்ணையை ஒட்டி, இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்கின் நஞ்சும் விஷமுறிவு மருந்து செய்வதற்காக அங்கே எடுக்கப்படுகிறது. உங்கள் மாவட்டத்து இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாம்பின் பழக்கத்தையும் அது நடமாடும் நேரத்தையும் இருளர் பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது ஒரு பொது மருத்துவருக்குப் பெரிய மூலதனம்.

இந்த நான்கு பாம்புகளுக்கு மட்டும்தான் அந்த மருந்து. கடல்பாம்புக்கு அது கேட்காது. உங்கள் ஊரில் வலையோடு கடல்பாம்பும் ஏறிவருவது புதிதல்ல. வலையை உதறிய கையில் சின்னதாக ஒரு குத்து, சில மணி நேரத்தில் உடம்பெல்லாம் தசைவலி, சிறுநீர் கறுத்துப் போவது என்று ஒரு மீனவர் வந்தால், தசை சிதைகிறது, பொட்டாசியம் ஏறும், சிறுநீரகம் அடிவாங்கும் என்று வார்டில் முதலில் சொல்ல வேண்டியவர் கடப்பாக்கத்தில் பிறந்த நீங்கள்தான்.

மழைக்காலக் காய்ச்சலுக்கும் இதே முறைதான். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, ஒரு வாரமாகக் காய்ச்சல் என்றால் மறைப்புத் திரை போட்டு, அக்குள், தொடையிடுக்கு, மார்பகத்தின் அடி, காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். பெண் நோயாளி என்றால் சிஸ்டரும் கூட இருக்கட்டும். சிகரெட்டால் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு ஒன்று அகப்பட்டால் ஸ்க்ரப் டைபஸ். ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் டாக்ஸிசைக்ளின் தொடங்கலாம். பிறகு, வேலூர் சி.எம்.சி. தலைமையில் நடந்து 2023இல் வெளியான ஆய்வைத் தேடிப் படியுங்கள். நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அஸித்ரோமைசினையும் ஊசியாகச் சேர்த்துக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று காட்டிய ஆய்வு அது. நோயாளி முன்னால் இருக்கும்போது ஆய்வுக் கட்டுரையும் புரியும்.

சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு போதும். ஒரு நோயாளிக்கு நான்கு வரி: என்ன நினைத்தேன், எதனால் நினைத்தேன், கடைசியில் என்னவாயிற்று, எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டேன். ரவுண்ட்ஸில் சீஃப் சொல்வதற்கு முன் உங்கள் முடிவை வாய்விட்டுச் சொல்லுங்கள். தப்பானால் அங்கேயே திருத்தம் கிடைக்கும். வேறு பிரிவுக்கு மாற்றிய நோயாளியை மறுநாள் போய்ப் பாருங்கள். இறந்தவரின் கேஸ் ஷீட்டை மறுபடி படியுங்கள். மாவட்ட மருத்துவமனையில் பணியாற்றும் மூன்று மாதத்தைத் தண்டனையாக எண்ணாதீர்கள். எல்லா வசதிகளும் பக்கத்தில் இல்லாத இடத்தில்தான் உங்கள் கையும் கண்ணும் தேறும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பது ஒரு பெரிய ஆய்வின் கணிப்பு. ஆண்டுக்குச் சராசரி 58,000. அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். 2024இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்யப்பட வேண்டிய நோயாக்கியது. இனி நீங்கள் கேஸ் ஷீட்டில் எழுதும் இடமும் நேரமும் அரசின் கணக்குக்கும் அடிப்படை.

அடுத்த விடுப்பில் ஊருக்கு வரும்போது ஒரு மாலை மீனவர் குப்பத்திலும் இருளர் குடியிருப்பிலும் உட்கார்ந்து பேசுங்கள். கடிபட்ட இடத்தை அறுக்க வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம், காலை அசைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள், கொசுவலைக்குள் படுங்கள் என்று சொல்லுங்கள். அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்விகளில் உங்களுக்குப் பதில் தெரியாதவற்றை நோட்டில் குறித்துக்கொண்டு வார்டுக்குத் திரும்புங்கள். எதைப் படிப்பது என்று நீங்கள் கேட்டீர்கள் அல்லவா, அந்தக் கேள்விகளைப் படியுங்கள்.

அன்புடன்,
உங்கள் மூத்த சக மருத்துவர்